ஆகாயக்கப்பலுக்கு ஆள் எடுக்கிறோம்: பாத்திரம் உருவாக்கும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு மதியங்களில் பகடை உருட்டிக் கதை ஆடுகிறோம். பர்கூர், காவேரிப்பட்டினம், தர்மபுரி என்று பல பக்கமிருந்தும் வருகிறார்கள். ஒருவர் ஓசூரில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வருவார். இப்போது தொடங்கியிருப்பது ஒரு சரக்கு ஆகாயக்கப்பலின் கதை. கப்பலின் பெயர் செந்தூரா. "அண்ணா, ஒரு சந்தேகம்" என்று வரும் போன்களில் முக்கால்வாசி ஒரே சந்தேகங்கள்தான். எத்தனை தடவை சொல்வது? கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலும் போட்டுவிட்டேன்.

நான் இதுவரைக்கும் ஆடினதே இல்லைண்ணா. இது என்ன விளையாட்டு?

ஒருவர் கதையை நடத்துவார். அவரை டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) என்போம்; எங்கள் மாடியில் அது நான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, "நான் கயிற்றைப் பிடித்து ஏறுகிறேன்", "நான் பொய் சொல்லிச் சமாளிக்கிறேன்" என்று வாயால் சொல்லியே ஆடுவார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகப் பகடை முடிவு செய்யும்.

அமெரிக்காவில் 1974-இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு மூத்தது. அதன் ஐந்தாம் பதிப்பு விதிகளை வைத்து ஆடுகிறோம். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. படிக்காமல் வந்தாலும் பரவாயில்லை, ஒரு பென்சில் கொண்டுவாருங்கள்.

ஆகாயக்கப்பல்னா விமானமா, பலூனா?

பலூனின் வாரிசு. விமானம் வேகத்தால் மேலே நிற்கிறது. ஆகாயக்கப்பல் காற்றைவிட லேசான வாயுவால் மிதக்கிறது. இன்ஜின் நின்றாலும் விழாது, காற்று இழுத்த பக்கம் போய்க்கொண்டிருக்கும். ஒரு கனமீட்டர் ஹைட்ரஜன் சுமார் ஒரு கிலோவைத்தான் தூக்கும். ஒரு டன் மாங்காய் ஏற்றவே ஆயிரம் கனமீட்டர் வாயு வேண்டும், கப்பலின் சொந்த எடை தனி. ஜெர்மனியின் ஹிண்டன்பர்க் 245 மீட்டர் நீளம் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

கற்பனை உலகத்தில் மிதக்கும் கல், கட்டிப்போட்ட காற்றுப்பூதம் என்று எதை வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் கப்பலை எது தூக்குகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். பூதம் தூக்கினால் பூதத்துக்குச் சோறு வைக்க ஒருவர் வேண்டும். வாயு தூக்கினால் பையில் ஓட்டை விழும்போது ஒட்ட ஒருவர் வேண்டும். வேலைகள் அங்கிருந்துதான் வருகின்றன. செந்தூராவில் மேலே வாயுப்பைகள், கீழே மரத்தால் ஆன உடல்.

கப்பல்ல கேப்டன் தவிர வேற என்ன வேலை இருக்குன்னே தெரியலையே?

நிஜக் கப்பல்களில் இருந்து எடுங்கள், கற்பனையைவிட நன்றாக இருக்கிறது. பழைய ஜெர்மன் கப்பல்களில் திசைக்கு ஒரு சக்கரம், உயரத்துக்கு ஒரு சக்கரம், இரண்டுக்கும் தனித்தனி ஆள். திசை பிடிப்பவர் முன்னால் பார்த்து நிற்பார். உயரம் பிடிப்பவர் பக்கவாட்டில் திரும்பி நிற்பார். கப்பலின் மூக்கு தூக்கினாலோ தாழ்ந்தாலோ, எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுவதை வைத்தே அவருக்குத் தெரிந்துவிடும். இந்த ஒரு விவரத்தை வைத்து எங்கள் ஆட்டத்தில் ஒரு கிழவர் உருவானார். கண்புரை விழுந்தவர். மேகத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் அவர் கால்களைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்து, பை ஒட்டுபவர். அந்தக் காலத்து வாயுப்பைகளுக்கு மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வை அடுக்கடுக்காக ஒட்டினார்கள். ஒரு கப்பலுக்குப் பல்லாயிரம் மாடுகளின் குடல் போயிற்று. பறந்துகொண்டிருக்கும்போதே பைகளுக்கு நடுவே ஏறிக் கசிவு தேடுவதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். ஒகேனக்கல்லில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அடியில் தார் பூசுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆளை விளக்க வேண்டியதில்லை. நகக்கண்ணில் போகாத கறை, சட்டையில் ஒரு வாடை, எது காற்றின் சீறல் எது ஓட்டையின் சீறல் என்று பிரிக்கும் காது.

வெளியே தொங்கும் இன்ஜின் கூண்டுக்கு ஏணியில் இறங்கி, காது அடைக்கும் சத்தத்தில் ஷிஃப்ட் பார்க்கும் மெக்கானிக் உண்டு. கப்பல் தாழ்ந்தால் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு எடையைக் குறைப்பவர், வழி பார்ப்பவர், சமையல்காரர், சரக்குக் கணக்கு எழுதுபவர் எல்லாம் உண்டு. அப்புறம் லாரிக்குக் கிளீனர் மாதிரி எல்லாரும் ஏவும் பையன் ஒருவன். புதிதாக ஆட வருகிறவர்களுக்கு நான் அவனைத்தான் கொடுப்பேன். எதுவும் தெரியாதவன், எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

எங்க குரூப்ல நாலு பேருமே கேப்டன் ஆகணும்ங்கறாங்க. என்ன பண்றது?

யாருக்கும் கொடுக்காதீர்கள். கேப்டனை டிஎம் ஆடட்டும். தூத்துக்குடித் தோணிகளில் தலைவரைத் தண்டல் என்பார்கள் என்று தெரிந்துகொண்டு, நல்ல சொல்லாயிற்றே என்று அதையே வைத்தேன். எங்கள் பக்கம் தண்டல் என்றால் தினமும் வீட்டு வாசலில் வந்து நிற்கும் வட்டிக்கடன். மேசையில் எல்லோரும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது செந்தூராவின் தண்டல் குழுவில் ஒவ்வொருவருக்கும் கடன் கொடுத்தவர். பொழுது சாய்ந்தால் நோட்டோடு வருவார். அவரிடமிருந்து தப்பிக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் நான்கு பேரும் ஒட்டிக்கொண்டார்கள்.

முதலாளியையே கப்பலில் ஏற்றுவது இன்னொரு வழி. 1930-இல் பிரிட்டனின் ஆர்101 ஆகாயக்கப்பல் இங்கிலாந்திலிருந்து அன்றைய இந்தியாவின் கராச்சிக்குக் கிளம்பியது. சோதனைப் பறப்புகள் போதாத நிலை, ஆனால் கிளம்பும் தேதி முக்கியமாகிவிட்டது. விமானத்துறை அமைச்சரே பயணியாக உள்ளே. அக்டோபர் 5 அதிகாலை பிரான்சில் விழுந்து, இருந்த 54 பேரில் 48 பேர் இறந்தார்கள், அமைச்சரும் கூட. தேதி குறித்துவிட்ட பெரிய மனிதர் ஒருவர், முடியாது என்று சொல்லத் தெரியாத கேப்டன் ஒருவர். ஒரு கதைக்கு இது தாராளம்.

நான் சண்டைக்காரன்தான் ஆடுவேன். எனக்குக் கப்பல்ல என்ன வேலை இருக்கப் போகுது?

சண்டைக்காரன் என்பது விதிப்புத்தகம் கொடுக்கும் வகுப்பு, அதாவது உங்கள் ஆள் எதில் கெட்டிக்காரர் என்ற வகை. கப்பலில் செய்யும் வேலை வேறு, அதை நீங்கள்தான் எழுத வேண்டும். நான் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: உங்கள் ஆள் ஒரு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் கப்பலில் எது நிற்கும்? ஒரு வரியில் பதில் வந்தால் பாத்திரம் தயார். எதுவும் நிற்காது என்றால் அவர் பயணி.

இதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றேன். முதல் தடவை ஆகாயக்கப்பல் கதை நடத்தியபோது ஐந்து மாவீரர்கள், ஐந்து பழிவாங்கும் கதைகள். ஆறு ஞாயிறு ஓடியது. ஐந்து பேரும் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு அடுத்த ஊர் எப்போது வரும் என்று கேட்டார்கள். கப்பல் டவுன் பஸ் ஆகிவிட்டது. தப்பு அவர்களுடையது இல்லை. நான் யாரிடமும் வேலை கேட்கவில்லை.

இந்த முறை தர்மபுரியிலிருந்து வரும் தங்கை ஒருத்தி, கோபம் வந்தால் கண்மண் தெரியாத பார்பேரியன் என்ற வகுப்பை எடுத்தாள். காய்ச்சல் கேள்விக்கு அவள் பதில்: "நான் படுத்தா கப்பல் தரையிறங்காதுண்ணா." ஆகாயக்கப்பல் தானாக இறங்கி நிற்காது. மேலிருந்து கயிறுகளை வீசுவார்கள். தேர் வடம் பிடிக்கிற மாதிரி கீழே கூட்டம் பிடித்து இழுத்துக் கட்ட வேண்டும். கூட்டம் இல்லாத பொட்டல் காட்டில் முதலில் குதித்து, ஒற்றை ஆளாகக் கயிற்றைப் பாறையில் சுற்றுகிறவள் இவள். பார்பேரியனின் வெறிக்கு இதைவிட நல்ல இடம் நான் யோசித்துக் கொடுத்திருக்க மாட்டேன்.

ஆறு எண் இருக்கே, அதை எப்படிப் பிரிக்கறது?

உடல்வலு, விவேகம் மாதிரி ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு திறன்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வழக்கமான வரிசை 15, 14, 13, 12, 10, 8. பெரிய எண்ணை எங்கே போடுவது என்று எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வது அந்த 8 பற்றி. கப்பலில் உறுத்தும் இடத்தில் போடுங்கள். உடல்வலுவில் போட்டால் காற்று அடிக்கும்போதெல்லாம் வாந்தி. விவேகத்தில் போட்டால் வானிலை கணிக்கத் தெரியாத வழிகாட்டி. பாவம், ஆனால் சிரிப்பு உத்தரவாதம்.

ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்புத்தகத்தில் மாலுமி என்று ஒரு பின்னணி, அதாவது பாத்திரத்தின் பழைய தொழில், இருக்கிறது. அதில் கடல் வாகனம் என்று வருவதை ஆகாய வாகனம் என்று மாற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மந்திரவாதி எடுக்கறேன். நெருப்பு மந்திரம் வச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ளலாம், எங்கே நின்று வீசுகிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் எளிதில் பற்றிக்கொள்ளும், ஹீலியம் பற்றாது. ஹிண்டன்பர்க்கில் இருந்தது ஹைட்ரஜன். ஆனாலும் அதில் புகைபிடிக்க ஓர் அறை வைத்திருந்தார்கள். வாயு உள்ளே வராதபடி அறைக்குள் காற்றழுத்தத்தைச் சற்றுக் கூட்டி, இரட்டைக் கதவு போட்டு, பற்றவைக்க ஒரே ஒரு மின்சார லைட்டர். கப்பல் 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் இறங்கும்போது எரிந்து 36 பேர் இறந்தார்கள். அந்த அறையால் அல்ல.

அந்த அறைக்குக் காவல் நிற்பவர் உங்கள் மந்திரவாதியாக ஏன் இருக்கக் கூடாது? நெருப்பு தெரிந்த ஒரே ஆள், நெருப்பைத் தொடக் கூடாத இடத்தில் வேலை. எல்லோருடைய பீடியையும் அவர்தான் எண்ணி வாங்கி வைப்பார்.

பின்கதை எவ்வளவு எழுதணும்? நான் நாலு பக்கம் எழுதிட்டேன்.

நாலு பக்கத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், யாரும் படிக்க மாட்டார்கள். நானும்தான். கேட்பார்கள், அது வேறு விஷயம்.

நம் பக்கம் பாரதக் கூத்து பார்த்திருப்பீர்கள். வேடக்காரர் சடாரென்று வந்து நிற்க மாட்டார். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். பின்னால் நின்று பாடி, சலங்கை தெரிய ஆடி, தான் யார் என்று சொல்லிக்கொண்டு வெளியே வருவார். கட்டியங்காரன் குறுக்கே புகுந்து கிண்டலாக நாலு கேள்வி கேட்பான். நாங்கள் அதையே செய்கிறோம். மாடிக் கொடியில் காயும் ஈரத் துண்டு ஒன்றை இரண்டு பேர் பிடிக்க, புதியவர் பின்னால் நின்று பேர், வேலை, பட்ட கடன் மூன்றையும் சொல்லிவிட்டு வர வேண்டும். நான் கட்டியங்காரன். முதல் நாள் வெட்கப்பட்டுக்கொண்டு நின்ற ஒருவரை, "ஏம்பா, பை ஒட்டறவன்ங்கற, உன் சட்டையே கிழிஞ்சிருக்கே?" என்று கேட்டேன். "ஊர்ப் பையத்தான் ஒட்டுவேன், என் பையில என்ன இருக்கு ஒட்டறதுக்கு?" என்றார். அவர் எழுதி வந்த பக்கத்தில் இந்த வரி இல்லை.

பேர் வைக்கவே வர மாட்டேங்குது. எல்ஃப் பேர் ஏதாவது சொல்லுங்க.

நாக்கு சுளுக்கும் பேர் வேண்டாம், மூன்றாவது வாரம் நீங்களே மறந்துவிடுவீர்கள். மாதையன், திம்மராயன், முனியம்மாள், சின்னப்பாப்பா எல்லாம் இருக்க, எதற்கு இரவல்? காது நீண்ட எல்ஃப் இனத்தவருக்கு மாதையன் என்று பேர் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

நம்ம ஊர் விஷயத்தைப் போட்டா ஃபேன்டஸி மாதிரி இருக்குமா?

இருக்கும். சுற்றிலும் பாருங்கள். பாராமகால் என்று ஒரு காலத்தில் அழைத்த நிலம் இது. கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை என்று பாறை உச்சிகளில் கோட்டைகள். எங்கள் வரைபடத்தில் கப்பல் கட்டும் இடங்கள் அவைதான். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டங்களிலும் ஏராளம். ஆட்டத்தில் வழி பார்ப்பவர் மேலிருந்து நடுகற்களை எண்ணிக்கொண்டே போவார், ஒரு கல் இடம் மாறியிருந்தால் அன்றைக்குப் பிரச்சினை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லோடு லாரி பிரேக் பிடிக்கும் வாசனையை அறிந்தவர்களுக்கு, கணவாய்க்குள் கப்பல் இறங்கும் காட்சியை நான் இரண்டு வரியில் முடித்துவிடுவேன்.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். மலைகளில் இன்றும் வாழும் மக்களை எடுத்து அரக்கர், பூதம், காட்டுமிராண்டி இனம் என்று ஆக்க மாட்டேன். ஒருவர் அப்படி ஒரு வேடம் கொண்டுவந்தார், திருப்பி அனுப்பினேன். கோபித்துக்கொண்டார், அடுத்த வாரம் வேறு வேடத்தோடு வந்தார்.

எல்லாரும் வேற வேற ஊரு. ஒருத்தருக்கொருத்தர் எப்படித் தெரியும்னு வைக்கறது?

ஷிஃப்ட் போட்டுவிடுங்கள். கப்பலில் எப்போதும் ஒரு பாதி விழித்திருக்கும், மறு பாதி தூங்கும். இரண்டு பேருக்கு ஒரே படுக்கை: ஒருவர் எழுந்ததும் மற்றவர் படுப்பார். "உங்களுக்கு முன்னால் அந்தப் படுக்கையில் கிடந்தவர் யார், தலையணைக்கடியில் எதை விட்டுவிட்டுப் போனார்?" என்று கேட்டால் போதும். ஓசூர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

என் ஆள் ரகசியமா துரோகியா இருக்கலாமா?

இருக்கலாம், டிஎம்மிடம் முன்னாலேயே சொல்லிவிட்டு. சரக்குக்குத் துரோகம் செய்யுங்கள், பணத்துக்குச் செய்யுங்கள், தண்டலுக்குத் தாராளமாகச் செய்யுங்கள். கூட ஆடுகிறவரின் கயிற்றை அறுப்பது மட்டும் வேண்டாம். ஆட்டம் முடிந்து அவர் வண்டியின் பின்சீட்டில்தான் நீங்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.

நாங்க மூணு பேர்தான். கப்பலுக்கு ஆள் பத்துமா?

ஐந்தாம் பதிப்பின் டிஎம் கையேட்டில் ஆகாயக்கப்பலுக்குப் பணியாளர் 10, பயணிகள் 20, சரக்கு ஒரு டன் என்று போட்டிருக்கிறது. ஒரு டன் என்பது குட்டியானை வண்டியில் கொஞ்சம் ஓவர்லோடு அடித்தால் முடிகிற கணக்கு. சரக்குக் கப்பல் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்ததால் நான் பத்து டன் ஆக்கிவிட்டேன்.

மீதி ஏழு பேருக்கு எண்களும் விவரமும் எழுதிய முழுத்தாள் தேவையில்லை. ஆளுக்கொரு பேர், ஒரு வேலை, ஒரு முணுமுணுப்பு போதும். அவர்களை எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள். உங்கள் பாத்திரம் இல்லாத காட்சியில் சமையல்காரராக நீங்கள் பேசலாம்.

சண்டை வந்தா ஒருத்தர்தானே ஓட்டுவார், மத்தவங்க சும்மா உக்காரணுமா?

சும்மா உட்கார்ந்தால் வேலை பிரித்தது வீண். காய்ச்சல் கேள்விக்கு ஒவ்வொருவரும் சொன்ன பதில்களை நான் ஒரு தாளில் வைத்திருப்பேன். ஒவ்வொரு சுற்றிலும் அதில் ஒன்றைக் கெடுப்பேன். மூன்றாவது பையில் கிழிசல், மூக்கு தாழ்கிறது, இன்ஜின் கூண்டின் ஏணி போய்விட்டது. எதிரியை அடிப்பதா, இதைச் சரிசெய்வதா என்று அவரவர் முடிவு செய்யட்டும். சண்டைக்காரர் வாளைக் கீழே போட்டுவிட்டுக் கயிறு பிடித்தால் அன்றைய ஆட்டம் நன்றாகப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

கப்பல்லருந்து விழுந்தா? மெல்ல விழும் மந்திரம் இருக்கே, பயம் எதுக்கு?

கணக்குப் போடுங்கள். அந்த மந்திரம் ஐந்து பேர் வரை தாங்கும், சுற்றுக்கு 60 அடி வீதம் இறக்கும், ஒரு நிமிடம் நிற்கும். ஒரு நிமிடம் என்றால் பத்துச் சுற்று, 600 அடி. செந்தூரா 2000 அடியில் பறக்கிறது. முதல் நிலை மந்திரவாதிக்கு ஓய்வெடுக்காமல் இரண்டு முறைதான் இந்த மந்திரம் வரும். இரண்டையும் போட்டாலும் 1200 அடி. மீதி 800 அடி சாதாரண விழுகை. விதிப்படி பத்தடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை உருட்டி அந்த அளவு அடிபடும், அதிகபட்சம் இருபது பகடை. சராசரி 70. உங்கள் மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி எத்தனை? எட்டா? இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

சரி, செத்தே போயிட்டேன். நடுவானத்துல புது ஆள் எங்கருந்து வருவார்?

சரக்குக்குள் ஒளிந்து வந்தவர் என்பது எல்லோரும் முதலில் சொல்வது. முன்னே சொன்ன அந்த ஏழு பணியாளர்களில் ஒருவருக்குப் பதவி உயர்வு கொடுக்கலாம். எனக்குப் பிடித்தது கயிறு. 1932 மே 11 அன்று கலிபோர்னியாவில் அமெரிக்கக் கடற்படையின் ஆக்ரன் ஆகாயக்கப்பல் தரையிறங்கப் பார்த்தபோது கப்பல் திடீரென்று மேலே எழும்பியது. கயிறு பிடித்திருந்தவர்களில் மூன்று பேர் விடாமல் கூடவே போய்விட்டார்கள். இரண்டு பேர் விழுந்து இறந்தார்கள். மூன்றாமவர் கயிற்றிலேயே நெடுநேரம் தொங்கி, கடைசியில் கப்பலுக்குள் இழுக்கப்பட்டுப் பிழைத்தார்.

மேலே சொன்ன கணக்கைப் போடாமல் ஒரு ஞாயிறு குதித்துச் செத்த மந்திரவாதிக்காரர் அடுத்த ஞாயிறு புதுத் தாளோடு வந்தார். துண்டைப் பிடித்தோம். காவேரிப்பட்டினம் மாதிரி ஓர் ஊர், மாங்காய்ச் சீசன், கூலிக்குக் கயிறு பிடிக்க வந்த கூட்டம். கப்பல் எழும்பியதும் எல்லோரும் விட்டுவிட்டார்கள், ஒருவன் விடவில்லை. பார்பேரியன் தங்கை ஒற்றை ஆளாக இழுத்து அவனை மேலே போட்டாள். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்தவனிடம் தண்டல் குனிந்து பேர் கேட்டார். அப்புறம் நோட்டைத் திறந்தார். "ஏறின இடத்துல இருந்து டிக்கெட் போட்டுக்கட்டுமா?"